நூலுக்கு முந்திய அனுபவம்

கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்பது சைவ நூல்கள் வகுத்த முறை. முடிவில் எய்தற்பாலதை முதலில் எய்தி, நூல்களைப் பின்னரே கண்டவர் திருவண்ணாமலை ஸ்ரீ ரமண மகரிஷிகள்.

1879-ம் ஆண்டு திருச்சுழியில் அவதரித்த வேங்கடராமன், 1892-ல் தந்தையாரை இழந்து, மதுரையில் சிறிய தந்தையார் இல்லத்தில் வளர்ந்தார். பள்ளிப் பாடங்களில் பெரிதும் நாட்டமில்லை. வேதாந்த நூல் எதுவும் அறியார். பெரிய புராணம் ஒன்றே அவர் உள்ளத்தை உருக்கியிருந்தது.

1896-ம் ஆண்டு ஜூலை மாதம், மாடி அறையில் தனித்திருக்கையில், நோய் ஏதுமின்றியே மரணபயம் திடீரெனப் பற்றியது. பதினாறு வயதுப் பிள்ளை அலறவில்லை, எவரையும் அழைக்கவுமில்லை. பிணம்போல் கை கால்களை நீட்டிக் கிடந்து, மூச்சை அடக்கி, வாயை இறுக மூடிக்கொண்டு, சாவது எது என ஆராயலானார். உடல் கட்டையாய்க் கிடக்கவும், ‘நான்’ என்னும் உணர்வு குன்றாது ஒளிர்வதைக் கண்டார். அன்று அகன்ற அச்சம் பின் ஒருகாலும் திரும்பவில்லை.

இத்தகைய அனுபவம் வாய்த்தவர்க்குக் கோயில் எதற்கு என்று வினவுவோர் உண்டு. நிகழ்ந்ததோ நேர்மாறு. முன்பெல்லாம் தோழர்களுடன் எப்போதாவது மீனாட்சியம்மன் ஆலயம் சென்றவர், அதன்பின் மாலைதோறும் தனியே சென்று, அறுபத்துமூவர் திருவுருவங்களின் முன் கண்ணீர் பெருக நின்றார்.

ஆகஸ்ட் 29-ந் தேதி, தமையனாரின் கல்லூரிச் சம்பளத்துக்கென அளிக்கப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அருணாசலம் நோக்கிப் புறப்பட்டார். தந்தையைத் தேடிச் செல்லும் பிள்ளை, மீதி இரண்டு ரூபாயைக் கடிதத்துடன் வைத்துச் சென்ற நேர்மையை என்னென்பது! செப்டம்பர் முதல் தேதி அண்ணாமலையார் சந்நிதியை அடைந்தார்.

பின்னர், தொண்டர் பழனிசாமி வேதாந்த நூல்களைக் கொணர்ந்து எழுத்தெழுத்தாய்ப் படித்து இடர்ப்படுவதைக் கண்டு, தாமே அவற்றை வாங்கிப் படித்துப் பொருள் உரைத்தார். தாம் முன்னரே அனுபவித்ததற்கு நூல்கள் இட்டிருந்த பெயர்களை அப்போதுதான் அறிந்தார்.

1922-ல் அன்னையார் அழகம்மை முக்தியுற, சமாதியின்மேல் சிவலிங்கம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அன்பர்களின் பொருளுதவியாலும் சிற்பிகளின் உழைப்பாலும் கற்றளியாக எழுந்த அம்மாத்ருபூதேசுவரர் ஆலயத்துக்கு 1949-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி மகா கும்பாபிஷேகம் நிறைவேறிற்று. கையில் கட்டியும் உடலில் தளர்ச்சியும் இருந்தும், மகரிஷிகள் அவ்வைபவத்தில் உடனிருந்தார்.