கடல் கடந்து வராத மீளழைப்புக் கடிதம்

ஏ-9 வீதியும் ஏ-6 வீதியும் சந்திக்கும் இடம் தம்புள்ளை. கண்டியிலிருந்து மாத்தளை ஊடாக யாழ்ப்பாணம் செல்வோரும், கொழும்பிலிருந்து குருநாகல் ஊடாகத் திருகோணமலை செல்வோரும் இந்நகரைத் தொட்டே போகவேண்டியுள்ளது. 1999 ஆம் ஆண்டு இங்கு ஆரம்பிக்கப்பட்ட விசேட பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றி இறக்கும் லொறிகள் இரவு பகலாக வந்து போகின்றன. அந்த லொறிகளுக்கு நடுவே, பெருநாளுக்கும் திருவிழாவுக்கும் பாடசாலை விடுமுறைக்கும் ஊர் செல்லும் குடும்பங்களின் கார்களும் ஓடுகின்றன. வீதியோரத்தில் முன்மூடி திறந்தபடி நிற்கும் காரையும், மர நிழலில் பிள்ளைகளுடன் காத்திருக்கும் தாயையும் இவ்வழியே பயணிப்போர் காணாமல் போவது அரிது.

எமது நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததை இங்கு குறிப்பிடுவது பொருத்தமாகும். கிண்ணியாவைச் சேர்ந்த அவர், குடும்பத்துடன் ஊர் திரும்பிக்கொண்டிருந்த வேளையில் தம்புள்ளைக்கும் ஹபரணைக்கும் இடையே அவரது கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனது. மாலை மங்கும் நேரம். யானைகள் வீதியைக் கடக்கும் பகுதி. பின்னால் ஒரு பாரவூர்தி. ஸ்டியரிங் இறுகிவிட்டது. இருந்த வேகத்தைக் கொண்டு காரை இடது ஓரத்துக்கு ஒருவாறு இறக்கியதால் உயிர் தப்பினார்கள். காரைத் தம்புள்ளைக்குக் கட்டியிழுத்து வந்து, பழுதடைந்த பாகத்தைச் சொந்தப் பணத்தில் மாற்றினார். சில வாரங்களின் பின்னர், ஜப்பானில் வேலை செய்யும் உறவினர் ஒருவர் காரின் செசி இலக்கத்தை உற்பத்தி நிறுவனத்தின் இணையத்தளத்தில் இட்டுப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. அதே பாகத்தை இலவசமாக மாற்றித் தருவதாக நிறுவனம் அங்கு எப்போதோ அறிவித்திருக்கிறது.

காரை விற்றவரிடம் கேட்டபோது தாம் முகவர் அல்லர் என்றார். உள்ளூர் முகவர் நிறுவனத்தில் விசாரித்தபோது, அந்தக் கார் தம்மால் இறக்குமதி செய்யப்பட்டதல்ல என்றார்கள். இரண்டு பதிலும் உண்மையே. இரண்டு உண்மைகளுக்கும் இடையே நண்பர் தனித்து நின்றார். காரின் பெயர் இங்கு முக்கியமன்று. ஜப்பானில் பாவிக்கப்பட்டு இங்கு கொண்டுவரப்பட்ட எந்தக் காருக்கும் இந்நிலை ஏற்படலாம்.

உற்பத்தியில் நேர்ந்த பாதுகாப்புக் குறையொன்று பின்னர் கண்டறியப்படுமானால், அவ்வகை வாகனங்களைத் திரும்ப அழைத்து நிறுவனம் தனது செலவில் திருத்திக் கொடுப்பதே மீளழைப்பு எனப்படுவது. ஐக்கிய அமெரிக்காவில் 1966 ஆம் ஆண்டின் வாகனப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு வழிசெய்தது. ஜப்பானில் 1969 இல் இம்முறை தொடங்கியது. சட்டம் இருந்தும் மறைப்போர் மறைத்தனர் என்பதும் வரலாறே. மிட்சுபிஷி நிறுவனம் இரண்டு தசாப்தங்களுக்கு மேலாக வாடிக்கையாளர் முறைப்பாடுகளை ஒளித்து வைத்திருந்தமை 2000 ஆம் ஆண்டு அம்பலமாகியது. இந்தியாவில் 2019 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், குறைபாடுள்ள வாகனங்களை மீளழைக்குமாறு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசாங்கத்துக்கு வழங்கியது.

ஓடும் கார் ஏன் திடீரென நிற்கிறது? என்ஜினுக்குப் பெற்றோல் வராமற் போவது முதலாவது காரணம். டென்சோ நிறுவனம் தயாரித்த ஒருவகை எரிபொருள் பம்பினுள் சுழலும் பிளாஸ்டிக் தகடு, காலப்போக்கில் பெற்றோலை உறிஞ்சி ஊதிப் பெருத்து, பம்பின் உட்சுவரில் உரசி நின்றுவிடுவது கண்டறியப்பட்டது. இதனால் 2020 முதல் டொயோட்டா, ஹொண்டா உள்ளிட்ட பல நிறுவனங்களின் வாகனங்கள் அலை அலையாக மீளழைக்கப்பட்டன. 2023 ஜூலையில் ஜப்பானின் டொட்டோரி மாகாணத்து வீதியொன்றில் ஹொண்டாவின் சிறிய குடும்பக் கார் ஒன்று நின்றுபோக, பின்னால் வந்த வாகனம் மோதி, காரில் பயணித்த ஒருவர் உயிரிழந்தார். அவ்வாண்டு டிசம்பரில் ஹொண்டா உலகளவில் சுமார் 45 இலட்சம் வாகனங்களை மீளழைத்தது. ஒரே பம்புக்காக மூன்று ஆண்டுகளுக்கு மேலாக மீளழைப்பு தொடர்ந்திருக்கிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

என்ஜினே இறுகிப்போவது இன்னொரு வகை. ஹூண்டாய், கியா நிறுவனங்களின் ‘தீட்டா 2’ என்ஜின் இதற்குப் பேர்போன உதாரணமாகும். தொழிற்சாலையில் உலோகத்தைக் கடையும்போது மிஞ்சிய துகள்கள் எண்ணெய் செல்லும் பாதையில் தங்கி, பெயரிங்குகளைத் தேய்த்து, ஈற்றில் என்ஜினை நிறுத்திவிட்டன. 2015 செப்டெம்பரில் அமெரிக்காவில் சுமார் 4 இலட்சத்து 70 ஆயிரம் சொனாட்டா கார்கள் மீளழைக்கப்பட்டன. 2017 இல் மேலும் சுமார் 12 இலட்சம் வாகனங்கள் சேர்க்கப்பட்டன. குறைபாட்டை நிறுவனம் உரிய முறையில் கையாளவில்லை என்று அதன் பொறியியலாளரான கிம் குவாங்-ஹோ 2016 இல் அமெரிக்க அதிகாரிகளிடம் முறையிட்டார். 2020 நவம்பரில் இரு நிறுவனங்களும் மொத்தம் 21 கோடி டொலர் பெறுமதியான தண்டத்துக்கும் பாதுகாப்புக் கடப்பாடுகளுக்கும் இணங்கின. முறையிட்டவருக்கு 2021 இல் 2 கோடியே 40 இலட்சம் டொலருக்கும் அதிகமான வெகுமதி கிடைத்தது. இத்தனைக்கும் நடுவில் பல வாகனங்களுக்குப் பரிகாரமாக அளிக்கப்பட்டது என்ன? பெயரிங் தேய்வதை முன்கூட்டியே உணர்ந்து எச்சரிக்கும் ஒரு மென்பொருள். எச்சரிக்கை வந்த பின்னரே என்ஜின் மாற்றப்படும்.

எமது நாட்டு வாசகர்களுக்கு மிக நெருக்கமானது மூன்றாவது வகையான ஹைபிரிட் கோளாறேயாகும். வரிச் சலுகை வழங்கப்பட்ட காலத்தில் பிரியஸ், அக்குவா, பிட், வெசல் ஆகிய கார்கள் இங்கு பெருமளவில் வந்து குவிந்தன. எரிபொருள் செலவு குறைவு என்பதால் நடுத்தரக் குடும்பங்களும் கடன்பட்டேனும் அவற்றை வாங்கின.

2014 பெப்ரவரியில் டொயோட்டா உலகெங்கும் சுமார் 19 இலட்சம் மூன்றாம் தலைமுறை பிரியஸ் கார்களை மீளழைத்தது. மின்கலத்தின் மின்னழுத்தத்தை உயர்த்திக் கொடுக்கும் பகுதியிலுள்ள ட்ரான்சிஸ்டர்கள் மிகையாகச் சூடேறிச் சேதமடையலாம் என்பதும், சில வேளைகளில் கார் ஓட்டத்திலேயே நின்றுவிடலாம் என்பதுமே காரணம். மென்பொருள் மாற்றப்பட்டது, காரியம் முடிந்தது என்று உரிமையாளர்கள் வீடு சென்றார்கள். ஆனால் 2018 ஒக்டோபரில் அதே நிறுவனம் சுமார் 24 இலட்சம் ஹைபிரிட் வாகனங்களை மீண்டும் அழைத்தது. கோளாறு ஏற்பட்டால் கார் குறைந்த வலுவுடன் பாதுகாப்பாக ஓட வேண்டும் என்பது திட்டம். சில வேளைகளில் அவ்வாறு ஓடாமல் முற்றாக வலுவிழந்து நிற்கலாம் என அப்போது கூறப்பட்டது. முன்னைய திருத்தம் இந்நிலையை எதிர்பார்க்கவில்லை என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்கும் பரிகாரம் மென்பொருளே. 2020 இல் மீண்டும் ஒரு மீளழைப்பு வந்தது. கலிபோர்னியாவில் டொயோட்டா கார்களை விற்ற முகவர் ஒருவரே, திருத்தம் போதாதென்று நிறுவனத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தார்.

ஹொண்டாவின் கதை இன்னும் சுருக்கமானது, இன்னும் கசப்பானது. 2013 செப்டெம்பரில் வெளியான புதிய பிட் ஹைபிரிட், 2014 ஒக்டோபருக்குள் ஐந்து முறை மீளழைக்கப்பட்டது. வெசலும் அவற்றிற் சிலவற்றில் அகப்பட்டது. இரட்டைக் கிளச் கியர் பெட்டியின் கட்டுப்பாட்டு மென்பொருளே தொடக்கத்தில் குற்றவாளி. நிறுவனத் தலைவரும் உயர் அதிகாரிகளும் மூன்று மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தனர். அவர்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்ட காலத்திலேயே இத்தகைய கார்கள் எமது துறைமுகத்தில் இறங்கிக்கொண்டிருந்தன. கடுகண்ணாவை ஏற்றத்திலும் கண்டி நகர நெரிசலிலும் கியர் பெட்டி சூடேறி எச்சரிக்கை விளக்கு எரிவதாக வெசல் உரிமையாளர்கள் கூறுவதை நாம் பல தடவை கேட்டிருக்கிறோம்.

ஜப்பானில் உரிமையாளருக்கு மீளழைப்புக் கடிதம் தபாலில் செல்கிறது. வாகனப் பதிவேட்டில் அவரது முகவரி இருக்கிறது. ஏற்றுமதிக்காகப் பதிவு நீக்கப்பட்டதும் அந்த முகவரி அற்றுப்போகிறது. இங்கு புதிய பெயரில் பதிவாகும் அதே கார், உற்பத்தியாளரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. உள்ளூர் முகவர் சிலர் நல்லெண்ணத்தில் உதவக்கூடும். உதவியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும், உரிமையாளரைத் தேடிச் செல்லும் முறையும் நடைமுறையில் இல்லை.

இதைச் சீர்செய்யப் புதிய அதிகார சபையோ பெரும் நிதியோ வேண்டியதில்லை. இரண்டு வாசல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பாவித்த வாகனத்தை இறக்குமதி செய்ய, கப்பலேற்று முன்னான பரிசோதனைச் சான்றிதழ் அவசியமாகும். நிலுவையிலுள்ள மீளழைப்பு எதுவுமில்லை என்ற ஒரு வரியை அச்சான்றிதழில் கட்டாயமாக்கினாற் போதும். ஜப்பானில் அத்திருத்தம் இலவசம் என்பதால் ஏற்றுமதியாளருக்குச் செலவு எதுவும் இல்லை. இறக்குமதி செய்வோர் இதனை எதிர்ப்பதற்கு நியாயமான காரணம் ஒன்றையும் நாம் காணவில்லை. ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கும் வாகனங்களுக்கு மற்ற வாசல் உண்டு. வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை செய்து, பிரதேச செயலகத்துக்குச் செல்கிறோம். செசி இலக்கம் அங்கு பதிவில் உள்ளது. உற்பத்தியாளர்கள் வெளியிடும் மீளழைப்புப் பட்டியலுடன் அதனை ஒப்பிட்டு உரிமையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது கணினிக்குச் சில விநாடி வேலை. தம்புள்ளை பிரதேச செயலகத்தில் அனுமதிப்பத்திரம் பெறும் ஒருவர், தமது காரின் புகை அளவை மட்டும் அறிந்துகொண்டு, அது நடுவீதியில் நிற்கக்கூடியது என்பதை அறியாமல் வெளியேறுவது விசித்திரமான நிலைமை. 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஆதலால் இரண்டு வாசல்களிலும் வேலை இருக்கிறது.

சட்டப் பரிகாரமும் முற்றாக இல்லாமலில்லை. 1896 ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விற்கும் பொருளின் தரம் குறித்த சில உள்ளார்ந்த நிபந்தனைகளை விற்பவர்மீது சுமத்துகிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு செய்யலாம். ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் செய்ய வேண்டும். பல்லாயிரம் கிலோமீற்றர் ஓடிய பின் தலைகாட்டும் மறைகுறைக்கு மூன்று மாதம் எம்மட்டு? இக்கால எல்லை, குறை வெளிப்பட்ட நாளிலிருந்து கணிக்கப்பட வேண்டுமென்பதே எமது கருத்தாகும். இஸ்லாமிய வணிகச் சட்டம் அறிந்தோர் ‘கியார் அல்-ஐப்’ என்ற உரிமையை அறிவர். வாங்கும்போது அறியாத பழைய குறை பின்னர் தெரியவந்தால், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை அது. இஜாரா முறையில் கார் பெற்றவர்கள், வாகனத்தின் உடைமை நிதி நிறுவனத்திடம் இருக்கும் காலத்தில் பெரும் பழுதுகளுக்கான பொறுப்பு யாருடையதென்று தமது ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது.

அதுவரை வாசகர்கள் தாமே செய்யக்கூடியது இதுதான். பதிவுச் சான்றிதழிலுள்ள செசி இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய உள்நாட்டுக் கார்களுக்கு 17 எழுத்துக்கள் கொண்ட சர்வதேச இலக்கம் இல்லை. மாதிரிக் குறியீடும், ஒரு சிறுகோடும், அதைத் தொடர்ந்து இலக்கங்களும் இருக்கும். ஆகவே அமெரிக்க, ஐரோப்பியத் தளங்களில் தேடிப் பயனில்லை. உற்பத்தியாளரின் ஜப்பானியத் தளத்திலேயே தேட வேண்டும். மொழிபெயர்ப்பு வசதி கைத்தொலைபேசியிலேயே இருக்கிறது. ஒருமுறை தேடி விட்டுவிடாமல் ஆண்டுக்கொருமுறை தேடுங்கள். திருத்தப்பட்ட காரும் மீண்டும் அழைக்கப்படலாம் என்பதற்கு பிரியஸ் சாட்சி.

ஓடும்போது கார் நின்றால் பதற்றத்தில் சாவியை முழுவதும் திருப்பி எடுத்துவிடாதீர்கள்; ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக்கை அடிக்கடி மிதித்து விடாமல் ஒரே சீராக அழுத்துங்கள், ஏனெனில் என்ஜின் நின்ற பின் எஞ்சியிருக்கும் உதவி வலு சில மிதிப்புகளுக்கே போதும். ஸ்டியரிங் கனக்கும், ஆயினும் திரும்பும். எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, இடப்புறம் ஒதுங்கி, பிள்ளைகளைக் காருக்குள் வைத்திராமல் வீதிக்கு அப்பால் இறக்குங்கள். ஹபரணை, கந்தளாய்ப் பக்கத்துக் காட்டுவழியில் யானை நடமாட்டம் தெரிந்தால் மட்டும் இதற்கு விலக்கு. என்ஜினுக்குள் தட்டும் சத்தம் கேட்டு நின்றிருந்தால் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டாம். பொலிஸ் அவசர இலக்கம் 119, அம்புலன்ஸ் 1990, நுகர்வோர் முறைப்பாட்டுக்கு 1977.

எமது நண்பர் காரை வாங்கி இரண்டு ஆண்டுகள் கடந்திருந்ததால் முறைப்பாட்டுக்கான காலம் போய்விட்டது. தம்புள்ளைத் திருத்துமிடத்தில் கொடுத்த ரசீதையும், ஜப்பானியத் தளத்திலிருந்து எடுத்த பக்கத்தின் பிரதியையும் பதிவுச் சான்றிதழுடன் ஒரே உறையில் வைத்திருக்கிறார். என்றாவது காரை விற்றால், வாங்குபவரிடம் முதலில் அந்த உறையைக் கொடுக்கப் போவதாகச் சொல்கிறார்.