பெற்றோரும் சட்டமும்

1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஜீவனாம்சம் வழங்கக் கட்டளையிட்டது. பெற்றோரைக் குறித்து மௌனமாயிருந்தது. முதியோரைக் குடும்பமே தாங்கும் என்பது அன்றைய நம்பிக்கை போலும். 1973ஆம் ஆண்டின் சட்டம் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டது. 2007இல் அவர்களுக்கெனத் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. நம்பிக்கை தளர்ந்த வரலாற்றை இவ்வாண்டுகளில் நாம் வாசிக்கிறோம்.

இன்று மதுரை, மேலூர், உசிலம்பட்டிக் கோட்டாட்சியர்கள்முன் தாய் தன் மகன்மீதே மனுக்கொடுக்கலாம். மாதந்தோறும் பராமரிப்புத் தொகை பெறலாம். பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையுடன் எழுதிக்கொடுத்த நிலத்தை, அவன் கைவிட்டால், 23ஆம் பிரிவின்படி மீட்கவும் கூடும். ஆயினும் நிலத்தை மீட்கும் சட்டம் மகனை மீட்பதில்லை.

‘கொர்பான்’ என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டார். மனு எழுதப்படுமுன் அவ்வீட்டுப் படியேறுவது நம் ஊழியமன்றோ?