பெர்ட் டிரவுட்மன்: தொடக்ககால ஆட்ட வாழ்க்கை

பெர்ட் டிரவுட்மன் (22 அக்டோபர் 1923 – 19 ஜூலை 2013) ஜெர்மனியில் பிறந்து, இங்கிலாந்தில் பெயர் பெற்ற கால்பந்து கோல்கீப்பர். இயற்பெயர் பெர்ன்ஹார்ட் கார்ல் டிரவுட்மன். இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டு, போர்க்கைதியாக இங்கிலாந்துக்கு வந்தார். 1949 முதல் 1964 வரை மான்செஸ்டர் சிட்டி அணிக்காக 545 ஆட்டங்கள் ஆடினார். 1956இல் இங்கிலாந்து கால்பந்து எழுத்தாளர் சங்கத்தின் ‘ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்’ விருதைப் பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் கோல்கீப்பர் அவரே. கைதி முகாமில் தற்செயலாகக் கோலுக்கு முன் நின்ற நாள்முதல் வெம்பிளி இறுதியாட்டம் வரையிலான அவருடைய முதல் பத்தாண்டுகளை இக்கட்டுரை விவரிக்கிறது. பகைநாட்டுக்காரராக வந்த ஒருவரை ஒரு நகரம் தன்னவராக ஏற்றுக்கொண்ட காலம் அது.

இளமையும் போரும்

டிரவுட்மன் வடஜெர்மனியின் துறைமுக நகரான பிரெமனில் ஒரு தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை துறைமுகத்தை ஒட்டிய உரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சிறுவயதில் கால்பந்தைப் போலவே கைப்பந்திலும் (ஹேண்ட்பால்) டிரவுட்மன் தேர்ந்திருந்தார். ஓடிவந்து, தோளுக்கு மேலாகக் கையை வீசிப் பந்தை எறியும் அந்த ஆட்டம் அவருக்குக் கொடுத்த கைப்பழக்கம், பின்னாளில் அவருடைய தனி முத்திரையானது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல், பத்து வயதுகூட நிறையாத நிலையில், நாஜிச் சிறுவர் அமைப்பில் சேர்ந்தார்.

வாகன மெக்கானிக் தொழில் பழகிக்கொண்டிருந்தவர் 1941இல் விமானப்படையில் சேர்ந்தார். அங்கிருந்து பாராசூட் படைக்கு மாறினார். கிழக்குப் போர்முனையில் சுமார் மூன்று ஆண்டுகள் போரிட்டு இரும்புச் சிலுவை உள்ளிட்ட பதக்கங்களைப் பெற்றார். உக்ரைன் காட்டுப் பகுதி ஒன்றில் பொதுமக்கள் கூட்டமாகச் சுட்டுக் கொல்லப்பட்டதை நேரில் கண்டதாகப் பிற்காலத்தில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பின்னர் மேற்கு முனைக்கு அனுப்பப்பட்டு, 1945இல் பிரிட்டிஷாரிடம் சிக்கினார்.

கைதி முகாமில் கோல்கீப்பர்

கைதிகளை அவர்களுடைய அரசியல் பிடிப்பின்படி பிரிட்டிஷ் அதிகாரிகள் தரம் பிரித்தனர். நாஜிக் கொள்கையில் ஊறியவர்கள் என்று கருதப்பட்ட ‘சி’ பிரிவில் டிரவுட்மன் முதலில் வைக்கப்பட்டார். பிறகு ‘பி’ பிரிவுக்கு மாற்றப்பட்டு, லங்காஷயரில் ஆஷ்டன்-இன்-மேக்கர்ஃபீல்டில் இருந்த 50ஆம் எண் முகாமுக்கு வந்துசேர்ந்தார். ‘பெர்ன்ட்’ என்ற சுருக்கப்பெயர் ஆங்கிலேயர் வாயில் நுழையாமல் ‘பெர்ட்’ ஆனது இந்தக் காலத்தில்தான்.

அதுவரை அவர் தடுப்பு வரிசையின் நடுவே நிற்கும் சென்டர் ஹாஃப். முகாம் அணிக்கும் உள்ளூர் அமெச்சூர் அணிக்கும் இடையிலான ஓர் ஆட்டத்தில் அவருக்கு அடிபட்டது. மாற்று ஆட்டக்காரர் என்ற வழக்கமே இல்லாத காலம் அது. களத்தைவிட்டு வெளியேற மனமில்லாமல், தங்கள் கோல்கீப்பருடன் இடத்தை மாற்றிக்கொண்டார். அன்று ஏறிய அந்த இடத்தைவிட்டு அவர் பிறகு இறங்கவேயில்லை.

செயின்ட் ஹெலன்ஸ்

பிரிட்டனில் இருந்த சுமார் நான்கு லட்சம் ஜெர்மன் கைதிகளை ஊருக்கு அனுப்பும் பணி 1948இல் முடிந்தது. விருப்பப்பட்டு அங்கேயே தங்கியவர்கள் ஏறத்தாழ 24,000 பேர். டிரவுட்மன் அவர்களில் ஒருவர். சிறிதுகாலம் பண்ணையில் வேலை செய்தார். பிறகு லிவர்பூலை ஒட்டிய ஹைடனில், வெடிக்காமல் கிடந்த குண்டுகளை அகற்றும் பிரிவில் சேர்ந்தார். ஓய்வு நேரத்தில் செயின்ட் ஹெலன்ஸ் டவுன் என்ற சிறிய அமெச்சூர் அணிக்கு ஆடினார்.

வட்டார லீக்கில் ஆடிய அந்த அணியின் ஆட்டங்களுக்கு, ஜெர்மன் கோல்கீப்பரைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் சேரத் தொடங்கியது. 1949 பருவத்தின் இறுதியில் நடந்த ஒரு வட்டாரக் கோப்பை இறுதியாட்டத்துக்குச் சுமார் 9,000 பேர் வந்தனர். பிரிட்டனில் உணவுப் பொருள்கள் பங்கீட்டு அட்டைக்கே கிடைத்த நாட்கள் அவை. ஆண்டுக்கணக்கில் காணாத தாய் தந்தையரைப் பார்க்க டிரவுட்மன் பிரெமனுக்குப் புறப்பட்டபோது, அந்தப் பற்றாக்குறைக்கு நடுவிலும் ஊர்க்காரர்கள் ஒரு பெட்டி நிறைய உணவுப் பொருள்களைச் சேர்த்துக் கொடுத்தனுப்பினர். அணியின் செயலர் ஜாக் ஃப்ரையரின் மகள் மார்கரெட்டை 1950இல் அவர் மணந்துகொண்டார்.

மான்செஸ்டர் சிட்டியும் மக்கள் எதிர்ப்பும்

1949 அக்டோபர் 7 அன்று மான்செஸ்டர் சிட்டி அணி டிரவுட்மனைச் சேர்த்துக்கொண்டது. சில வாரங்களில் அவர் தொழில்முறை ஆட்டக்காரரானார். இங்கிலாந்தின் பேரன்பைப் பெற்ற கோல்கீப்பர் ஃபிராங்க் ஸ்விஃப்ட் ஓய்வுபெற்றுச் சென்ற இடம் அது. அந்த இடத்தை நிரப்புவதே பெரும் சுமை. வந்தவரோ ஜெர்மன் பாராசூட் படைவீரர்.

மான்செஸ்டரின் கோபத்துக்குக் கண்ணெதிரே காரணங்கள் இருந்தன. 1940 டிசம்பரில் ஜெர்மன் விமானங்கள் நகரத்தின் நடுப்பகுதியைக் குண்டுவீசிச் சிதைத்திருந்தன. 1941 மார்ச்சில் மான்செஸ்டர் யுனைடெட் அணியின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானமும் குண்டுக்கு இரையானது. அந்த மைதானம் சீரமைக்கப்பட்டு, அங்கே மீண்டும் லீக் ஆட்டம் தொடங்கியது 1949 ஆகஸ்டில். டிரவுட்மன் வந்தது அதற்கு அடுத்த சில வாரங்களில். நாஜிகளுக்குத் தப்பி வந்த யூத அகதிகள் பலர் இதே நகரத்தில் வாழ்ந்தனர். சுமார் 20,000 பேர் தெருவில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தனர். பருவச்சீட்டு வைத்திருந்தவர்கள் ஆட்டங்களைப் புறக்கணிக்கப்போவதாக எச்சரித்தனர்.

இரண்டு பேர் அந்த வேகத்தைத் தணித்தனர். ஒருவர் அணித்தலைவர் எரிக் வெஸ்ட்வுட். நார்மண்டியில் ஜெர்மானியருக்கு எதிராகப் போரிட்ட அவர், உடைமாற்றும் அறைக்குள் போருக்கு இடமில்லை என்று சொல்லி முதல் நாளே டிரவுட்மனை வரவேற்றார். மற்றவர் மான்செஸ்டர் யூத சமூகத்தின் மதகுரு அலெக்சாண்டர் ஆல்ட்மன். ஜெர்மனியிலிருந்து 1938இல் வெளியேறியவர். பெற்றோரை நாஜிகளிடம் பறிகொடுத்தவர். ஒரு தேசம் செய்த கொடுமைகளுக்காகத் தனி மனிதர் ஒருவரைத் தண்டிக்க வேண்டாம், அவரை அவருடைய குணத்தை வைத்தே எடைபோடுங்கள் என்று உள்ளூர் நாளிதழில் திறந்த மடல் எழுதினார். இழப்பை நேரில் அனுபவித்த ஒருவரிடமிருந்து வந்ததால் அந்த வேண்டுகோளுக்குத் தனி வலிமை இருந்தது.

ஃபுல்ஹாம் ஆட்டம்

1949 நவம்பர் 19 அன்று போல்டனில் டிரவுட்மன் முதல்முறையாக முதன்மை அணிக்கு ஆடினார். சிட்டி 0–3 எனத் தோற்றது. அடுத்துச் சொந்த மைதானமான மெய்ன் ரோட்டில் பர்மிங்காமை 4–0 என வென்றது. விரைவிலேயே டெர்பி அணியிடம் ஏழு கோல்கள் வாங்கியது. வெளியூர் மைதானங்களில் வசவு தொடர்ந்தது.

1950 ஜனவரியில் லண்டனில் ஃபுல்ஹாம் அணியுடன் ஆட்டம். குண்டுவீச்சின் வடு ஆறாத தலைநகரில் அவர் ஆடிய முதல் ஆட்டம் அது. பார்வையாளர்கள் அவரைப் பெயர் சொல்லித் திட்டினர். தளர்ந்திருந்த சிட்டி அணி கோல்களை வாரிக் கொடுக்கும் என்பதே பொதுவான கணிப்பு. ஆனால் பந்துக்குமேல் பந்தாக டிரவுட்மன் தடுத்துக்கொண்டே இருந்தார். ஃபுல்ஹாமால் ஒரே ஒரு கோல்தான் அடிக்க முடிந்தது. ஆட்டம் முடிந்ததும் திட்டிய கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இரு அணி ஆட்டக்காரர்களும் இரு வரிசையாக நின்று, நடுவே அவரை நடக்கவிட்டுக் கைதட்டி அனுப்பினர். தோற்ற அணியின் கோல்கீப்பருக்குக் கிடைத்த மரியாதை அது.

அந்தப் பருவத்தின் முடிவில் சிட்டி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. 1950–51இல் இரண்டாம் இடம் பிடித்து மீண்டும் முதல் டிவிஷனுக்கு ஏறியது. தொடக்கத்துக்குப் பின் வந்த 250 ஆட்டங்களில் டிரவுட்மன் ஆடாதவை வெறும் ஐந்து.

ஆட்டமுறை

அக்காலக் கோல்கீப்பர்கள் பந்தைப் பிடித்ததும் நடுக்களத்தைத் தாண்டி ஓங்கி உதைப்பதே வழக்கம். உயரே எழும் பந்து இறங்கும்போது அது யார் காலுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. டிரவுட்மன் கைப்பந்தில் பழகிய வீச்சைக் கொண்டு, நனைந்தால் கனக்கும் தோல்பந்தை நெடுந்தூரம் குறிபார்த்து எறிந்தார். ஓடத் தொடங்கிய தன் அணிக்காரரின் காலடியில் பந்து போய் விழும். தடுப்பாட்டம் அந்தக் கணமே தாக்குதலாக மாறும். 1950களின் நடுவில் சிட்டி ஆட்டக்காரர் டான் ரெவி பின்தங்கி நின்று ஆட்டத்தை நடத்திய புதிய முறைக்கு, பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுக்காத இந்த எறிதல் பெரிதும் துணை நின்றது.

இரண்டாவது சிறப்பு, அச்சமின்மை. கோல்கீப்பரைத் தோளால் இடித்துத் தள்ள விதி இடம்கொடுத்த காலத்திலும், பாய்ந்து வருபவரின் கால்களுக்கு நேராகத் தலையைக் கொடுத்துப் பந்தை அணைத்துக்கொள்வார்.

வெளிநாட்டு ஆட்டத்தின் விலை

மேற்கு ஜெர்மனியின் பயிற்சியாளர் செப் ஹெர்பெர்கர், உள்நாட்டு அணிகளில் ஆடுபவர்களை மட்டுமே தேசிய அணிக்கு எடுத்தார். 1953இல் டிரவுட்மனைச் சந்தித்தபோதும் இதையே எடுத்துச் சொன்னார். மறு ஆண்டு மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றது. டிரவுட்மன் அந்த அணியில் இல்லை. இங்கிலாந்தில் முன்வரிசைக் கோல்கீப்பராக விளங்கிய அவர் தாய்நாட்டுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

வெம்பிளி

1955இல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் ஆடிய முதல் ஜெர்மானியரானார். நியூகாசிலிடம் சிட்டி 1–3 எனத் தோற்றது. 1956 மே 5 அன்று சிட்டி மறுபடியும் இறுதியாட்டத்தில் நின்றது. பர்மிங்காமுக்கு எதிராக 3–1 என முன்னிலை. ஏறத்தாழ 17 நிமிடங்கள் மீதி. பந்தைப் பிடிக்கப் பாய்ந்த டிரவுட்மனின் கழுத்தில் எதிரணி ஆட்டக்காரர் பீட்டர் மர்ஃபியின் முழங்கால் மோதியது. மயக்கம் தெளிந்து எழுந்தவர், தலையைத் திருப்ப முடியாத வலியோடு கடைசிவரை கோலைக் காத்தார். சில நாள் கழித்து எடுத்த எக்ஸ்-ரேயில் கழுத்தெலும்புகள் ஐந்து இடம்பெயர்ந்திருப்பதும், அவற்றில் இரண்டாவது எலும்பு இரண்டாகப் பிளந்திருப்பதும் தெரிந்தன. மாதக்கணக்கில் ஓய்வெடுத்த பிறகே அவர் களத்துக்குத் திரும்பினார்.

மதிப்பீடு

பொதுவாக டிரவுட்மனின் பெயர் உடைந்த கழுத்தோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. ஆனால் வெம்பிளியில் தெரிந்த அந்தத் துணிவுக்கு முன்பே, ஆறரை ஆண்டுகளாக, வாரந்தோறும் வசவுக்கு நடுவே நின்று அவர் நம்பிக்கையைச் சம்பாதித்திருந்தார். அதில் ஒரு மதகுருவின் மடலுக்கும், ஒரு தலைவரின் வரவேற்புக்கும், ஓர் ஊரின் உணவுப் பெட்டிக்கும் பங்குண்டு. ஓய்வுக்குப் பின் அவர் பர்மா உள்ளிட்ட நாடுகளில் பயிற்சியாளராகப் பணியாற்றினார். ஆங்கில–ஜெர்மன் நல்லுறவுக்கு ஆற்றிய பணிக்காக 2004இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஓ.பி.இ. விருது வழங்கியது. அவர் வேண்டாம் என்று 1949இல் மான்செஸ்டர் தெருக்களில் திரண்டவர்கள் 20,000 பேர். 1964 ஏப்ரலில் அவருக்கு விடைகொடுக்க மெய்ன் ரோட்டுக்கு வந்தவர்கள் சுமார் 47,000 பேர்.