வெள்ளம் என்னும் சொல்லும் விமான எரிபொருளும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையிலுள்ள பெருமாட்டி ஊராட்சியில் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்குகின்றன. 'வெள்ளம்' என்ற சொல் அங்கே மலையாளத்தில் அன்றாடத் தண்ணீரைக் குறிக்கும். தமிழில் கரைமீறி வரும் பெருக்கைக் குறிக்கும். மொழியியல் மாணவர்களுக்கு இது பழகிய எடுத்துக்காட்டு. குறைந்த உமிழ்வுத் தொழில்நுட்பங்களுக்கு இந்திய விமானத் துறை ஆயத்தமாகிவரும் வரலாற்றைப் படிக்கையில், இவ்விரு பொருள்களும் என் நினைவுக்கு வந்தவண்ணம் இருந்தன.

2015 ஆகஸ்ட் 18 அன்று 12 மெகாவாட் சூரிய மின்நிலையத்தைத் தொடங்கிய கொச்சி விமான நிலையம், முழுவதும் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் எனப் புகழ்பெற்றது. மூன்றாண்டுகளுக்குப் பின் பெரியாற்றின் வெள்ளம் அதன் ஓடுபாதைக்குள் புகுந்தது. 2018 ஆகஸ்ட் 15 அன்று மூடப்பட்ட நிலையம் 29 அன்றுதான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில், ஆகஸ்ட் 27 அன்று, ஸ்பைஸ்ஜெட் நிறுவனத்தின் சிறு விமானம் ஒன்று டேராடூனிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. சத்தீஸ்கரில் விளைந்த காட்டாமணக்கு விதையின் எண்ணெயிலிருந்து டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் உருவாக்கிய உயிரி எரிபொருள், அதன் எரிபொருளில் கலக்கப்பட்டிருந்தது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதற்பயணம்.

இவ்விரு நிகழ்வுகளும் இருவேறு ஆயத்தங்களைக் காட்டுகின்றன. சூரியத் தகடுகள் நிலையத்தின் விளக்குகளையும் குளிரூட்டிகளையும் இயக்கும். விமானத்தைப் பறக்கவைக்க எரிபொருள் வேண்டும். உயிரி எரிபொருளை 50 விழுக்காடு வரை கலந்தாலும் எஞ்சினையோ தொட்டியையோ நிரப்பும் குழாயையோ மாற்ற வேண்டியதில்லை. விமான நிறுவனங்கள் அதை முதலில் வரவேற்றமைக்கு இதுவே காரணம். ஹைட்ரஜன் அவ்வாறன்று. அது நீர்மமாக இருக்கச் சுழியத்திற்குக் கீழ் 253 பாகை செல்சியஸ் குளிர் தேவை. ஆகவே விமானத்தின் வடிவமும் நிலையத்தின் அமைப்பும் சேர்ந்தே மாறவேண்டும். பன்னாட்டுப் பயணங்களின் எரிபொருளில் 2027இல் 1, 2028இல் 2, 2030இல் 5 விழுக்காடு மாற்று எரிபொருள் கலக்க வேண்டும் என்பது இந்திய அரசின் இலக்கு.

இந்த ஆயத்தம் ஓடுபாதையின் எல்லையோடு முடிந்துவிடுகிறதா என்பதே என் கேள்வி. காட்டாமணக்கின் முன்கதையைப் பாருங்கள். 2003இல் திட்டக்குழுவின் குழுவொன்று அதைத் தரிசு நிலங்களுக்கேற்ற எண்ணெய்ப் பயிராகப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டு உழவர்களும் அதை நட்டனர். பாசனமின்றியே காய்க்கும் என்பது வாக்குறுதி. தண்ணீர் இல்லாத இடத்தில் விளைச்சல் பொய்த்தது. பலர் செடிகளைப் பிடுங்கி எறிந்தனர். 'தரிசு' என்று ஏட்டில் எழுதப்பட்ட நிலம் ஆடுமாடுகளின் மேய்ச்சலிடமாக இருந்ததும் உண்டு. எத்தனாலிலிருந்தும் விமான எரிபொருள் செய்யலாம். ஆனால் கரும்புக்கும் ஆலைக்கும் நீர் வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்க வேதியியல் கணக்கின்படியே 9 லிட்டர் நீர் தேவை.

நீரின் கணக்கைக் கேட்கத் தவறினால் என்ன நேரும் என்பதற்குப் பெருமாட்டியே சான்று. அவ்வூராட்சியின் பிளாச்சிமடாவில் 2000இல் கோக்கக்கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. கிணறுகள் கெட்டன என்று 2002 ஏப்ரலில் மயிலம்மா உள்ளிட்ட பழங்குடிப் பெண்கள் ஆலை வாயிலில் போராட்டம் தொடங்கினர். 2003இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் மக்களின் பொதுச்சொத்து என்று அவ்வாண்டு டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றத்தின் தனிநீதிபதி தீர்ப்பளித்தார். 2005இல் இருவர் அமர்வோ நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்க இசைவளித்தது. அதற்குள், 2004 மார்ச்சிலேயே, ஆலை நின்றிருந்தது. 2010இல் அரசின் உயர்நிலைக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காக 2011இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறவில்லை.

அந்த ஆலைக்கும் விமானத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. எனினும் அதே மாவட்டத்தின் எலப்புள்ளியில் எத்தனால் ஆலைக்கு 2025 ஜனவரியில் மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது, எதிர்த்தவர்கள் முதலில் உச்சரித்த பெயர் பிளாச்சிமடா. அவர்கள் கேட்டதும் ஒன்றுதான்: தண்ணீர் எங்கிருந்து வரும்?

உமிழ்வைக் குறைப்பது தேவையில்லை என்று நான் வாதிடவில்லை. 2018இன் வெள்ளத்தைக் கண்ட எவரும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் மாற்று எரிபொருளுக்கான ஆயத்தப் பட்டியலில் சான்றளிப்பு, கலப்பு விகிதம், விலை ஆகியவற்றோடு, எந்த ஊராட்சியின் நீர், யாருடைய இசைவு என்ற இரண்டு நிரல்களும் தொடக்கத்திலேயே இடம்பெற வேண்டும். பெருமாட்டியில் அக்கேள்விகள் ஆலை வந்த பிறகே கேட்கப்பட்டன. இழப்பீட்டுக்காக அவ்வூரார் இன்றும் காத்திருக்கிறார்கள்.