கோடம்பாக்கத்துக் கௌபாய்

1994ஆம் ஆண்டு ரெட்னெக்ஸ் என்னும் ஸ்வீடன் நாட்டுக் குழு, 'காட்டன் ஐ ஜோ' என்ற அமெரிக்க நாட்டார் பாடலை எடுத்து, பிடிலுக்கும் பாஞ்சோவுக்கும் நடுவே மின்னணுத் தாளத்தைப் புகுத்தி ஐரோப்பாவை ஆட வைத்தது. அதே ஆண்டு கோடம்பாக்கத்திலும் ஒரு கௌபாய் ஆடினான். ஷங்கரின் 'காதலன்' படத்தில் வந்த 'முக்காலா முக்காபுலா'வைச் சொல்கிறேன். ஒன்றைப் பார்த்து மற்றொன்று பிறக்கவில்லை. காலம் ஒன்று, அவ்வளவுதான்.

மயிலாப்பூரில் மாலை வேளைகளில் இலக்கியம் பேசிய நாங்கள் அதனைப் பொருளற்ற இரைச்சல் என்று ஒதுக்கினோம். மேற்கின் நகல் என்பது அடுத்த குற்றச்சாட்டு. அந்தக் கட்சியில் நானும் இருந்தேன். இன்று அது தவறென்று தோன்றுகிறது.

நம் திரையில் கௌபாய் 1994இல் வந்திறங்கியவன் அல்லன். ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கிய 'கங்கா', 'ஜக்கம்மா' ஆகிய இரண்டும் 1972இலேயே குதிரையையும் துப்பாக்கியையும் தமிழ் பேச வைத்தன. ஜெய்சங்கரின் தொப்பியைக் கண்டு விசிலடித்த கொட்டகைகளின் பிள்ளைகளே பின்னர் பிரபுதேவாவைப் பார்த்தார்கள். சிம்புதேவன் 2010இல் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' எடுத்ததும் அந்த மரபை நினைத்துத்தான்.

மின்தாளம் தி.நகரை அடுத்த கோடம்பாக்கத்தில், ஏ.ஆர்.ரஹ்மான் தம் வீட்டை ஒட்டி அமைத்த பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்துச் சரக்கு. பெரிய வாத்தியக் குழுவை ஒரே கூடத்தில் அமர்த்திப் பதிவு செய்யும் வழக்கத்திலிருந்து விலகி, கணினியிலும் சின்தசைசரிலும் ஒலிகளை ஒவ்வொன்றாக அடுக்கிச் சேர்க்கும் முறை அங்கே வேரூன்றியது. இதே ஒலிநாடாவில் 'பேட்டை ராப்' பாடலில் தேனி குஞ்சரம்மாளின் கிராமத்துக் குரல் மின்தாளத்தின்மேல் ஒலிக்கிறது. நாட்டாரிசையும் மின்னிசையும் கலந்த பாடல் எதுவென்று கேட்டால் உண்மையில் அதைத்தான் முதலில் காட்ட வேண்டும். ஆனால் ஊர் தாண்டிப் போனது கௌபாய்தான். 'முகாப்லா' என்றால் இந்தியில் போட்டி. படத்தின் இந்தி வடிவம் 'ஹம்சே ஹை முகாப்லா' என்று அச்சொல்லையே தலைப்பில் சூடிக்கொண்டது.

பாடலை எழுதிய வாலிக்கு அப்போது அறுபது வயது கடந்திருந்தது. ஓசைக்காக மட்டும் சொல்லைத் தேர்வதும் ஒரு செய்யுள் திறன் என்பதைச் சந்தம் பயின்ற நாம் அன்று மறந்திருந்தோம் (வண்ணப் பாக்களை மட்டும் வியந்துகொண்டு!). ஆட்டத்துக்கும் அப்படியொரு பின்புலம் உண்டு. பிரபுதேவா பரதம் பயின்றவர். இறுதியில் உடல் மறைந்து உடைகள் மட்டும் ஆடும் தந்திரக் காட்சி நினைவிருக்கும். அந்தப் படத்தின் சிறப்புக் காட்சிகளுக்காக வெங்கி தேசிய விருது பெற்றார்.

எனக்கு இப்போது பெரிதாகப் படுவது ஸ்வர்ணலதாவின் குரல். மனோ மூச்சிரைக்கப் பாடும் இடங்களுக்கு எதிரே அவர் அலட்டிக்கொள்ளாமல் நிற்கிறார். அதே 1994இல் 'கருத்தம்மா'வில் 'போறாளே பொன்னுத்தாயி' பாடித் தேசிய விருது பெற்றவரும் அவரே. இரண்டுக்கும் இசை ரஹ்மான். விருதுப் பாடலைக் கேட்டுக் கண்கலங்கிய எங்களில் ஒருவருக்கும், இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வந்தவை என்று அன்று உறைக்கவில்லை.

2010 செப்டம்பரில் ஸ்வர்ணலதா மறைந்தார். 2020இல் 'ஸ்ட்ரீட் டான்சர் 3டி' என்ற இந்திப் படத்துக்காக 'முகாப்லா'வை மறுபடி செய்தபோது பிரபுதேவா திரும்ப வந்து ஆடினார். பாடியவர்கள் வேறு.