பேர் எழுதிய வாத்தியார்

மலையகத் தொடர் – 14

1948 ஆகஸ்ட் 20. இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய நாள். அந்த வாக்கெடுப்பை இந்த வாரம் எழுதுவதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். அதற்குள் போகுமுன், அன்றைக்குத் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராக இருந்த வாத்தியாரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

சி. வி. வேலுப்பிள்ளை. தலவாக்கலையில் ரயில் ஏறினால் நானுஓயாப் பக்கம் அடுத்த ஸ்டேஷன் வட்டகொடை. அங்கே மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தார். பெரிய கங்காணிக் குடும்பம். ஹட்டன் மெதடிஸ்த கல்லூரியிலும் கொழும்பு நாலந்தாவிலும் படித்தார். அந்தக் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைக்கு எட்டாத படிப்பு அது. ஆங்கிலத்தில் கவிதை எழுதும் அளவுக்கு மொழி கைவந்தது. துரைமாரின் கந்தோரில் நல்ல உத்தியோகம் தேடிக்கொண்டிருக்கலாம். அவரோ வாத்தியாராகப் போனார். அங்கிருந்து தொழிற்சங்கத்துக்கு வந்தார். 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் அவரைத் தலவாக்கலையில் நிறுத்தியது. வென்றார். நுவரெலியாவில் தொண்டமான், கொட்டகலையில் குமாரவேலு, நாவலப்பிட்டியில் ராஜலிங்கம் என்று வேறு தோட்டத் தொகுதிகளிலும் காங்கிரஸ்காரர்கள் ஜெயித்தார்கள்.

வாத்தியாரின் முதல் வேலை பேர் கூப்பிடுவது. காலையில் டாப்பைத் திறந்து ஒவ்வொரு பிள்ளையின் பேராகச் சொல்லி அடையாளம் போடுவது. பேர் என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் வேறொரு கனமும் உண்டு. வெளியூர்க்காரருக்கு அது புரியாது. மலையக வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் என் அப்பாயியைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இந்த இடத்தைக் கடக்க முடியவில்லை.

விடியலில் தப்புச் சத்தம் கேட்டதும் அப்பாயி எழுந்துவிடுவாள். ரொட்டியைத் துணியில் முடிந்துகொண்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஓடுவாள். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறினால் அந்திக்குத்தான் இறக்கம். மடுவத்தில் கொழுந்தை நிறுத்து, கணக்கப்பிள்ளை கையில் பென்சிலோடு நிற்பார். றாத்தல் சரியாக இருந்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். காலையிலிருந்து மழையில் நின்ற ஒரு முழு மனுஷிக்கு அரைப் பேர்! லயத்துக்குத் திரும்பும் வழியில் பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: “இன்னைக்குப் பேர் போட்டாங்களாடி?” அப்பாயிக்குக் கையெழுத்து வராது. ஆனால் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் தன் பேர் எந்த வரியில் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டிவிடுவாள்.

அந்தப் பேருக்கு 1947இல் வாக்குச்சாவடியில் மதிப்பு வந்தது. துரை பங்களாவின் பின்வாசலில் நின்ற மக்கள் தங்கள் வாத்தியாரையே கொழும்புக்கு அனுப்பினார்கள். அதுதான் சிலருக்குப் பொறுக்கவில்லை. அன்றைய பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவை இந்த நாடு தேசபிதா என்கிறது. அவர் திறந்த குடியேற்றங்களில் நிலம் பெற்ற ஏழை விவசாயிகள் அவரை நன்றியோடு நினைப்பதில் தவறில்லை. ஆனால் தோட்ட வாக்குகள் காங்கிரஸை வெல்ல வைத்தன, வேறு தொகுதிகளில் இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தன என்று கண்டதும் அந்த வாக்காளரையே இல்லாமலாக்கத் துணிந்தவரை நான் எந்தக் காலத்திலும் பிதா என்று எழுத மாட்டேன்.

இந்த மண்ணில் பிறந்தவரானாலும் தகப்பன் இங்கே பிறந்ததை நிரூபி, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததை நிரூபி என்றது சட்டம். லயத்தில் மருத்துவச்சி கையில் விழுந்த குழந்தைக்கு யார் பிறப்புப் பத்திரம் எழுதினார்கள்? சுமார் ஏழு லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தல் நெருங்கும்போது காங்கிரஸ் தொடங்கிய சத்தியாக்கிரகம் நூறு நாளைத் தாண்டி நடந்தும், வெட்டிய பேர்கள் பட்டியலுக்குத் திரும்பவில்லை. வாத்தியாரின் ஆசனம் அத்தோடு முடிந்தது. வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட மலையகத் தமிழர் ஒருவர் மறுபடி நாடாளுமன்றத்துக்குள் போக 1977 ஆயிற்று.

ஆசனம் போன அரசியல்வாதிகள் என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். வேலுப்பிள்ளை திரும்பவும் டாப்பைத் திறந்தார் என்றே நான் சொல்வேன். ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்ற ஆங்கிலக் கவிதை நூல் வந்தது. கல்லறைக் கல்கூட இல்லாமல் தேயிலைக்கு அடியில் புதைந்து கிடப்பவர்களுக்காக எழுதிய நூல் அது. சக்தீ பாலையா அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். பிறகு ‘வீடற்றவன்’ நாவல். 1970இல் ‘போர்ன் டு லேபர்’. அதில் தோட்டத்து மனிதர்கள் ஒவ்வொருவராக வந்து நிற்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவர் சேர்த்த நாட்டுப்பாடல்கள். கொழுந்து மலையிலும் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் பாடியவை, தமிழகத்தில் விட்டுவந்த ஊரை நினைத்து அழுதவை, கங்காணியைத் திட்டியவை. பாடியவர்களில் பலருக்கு எழுதத் தெரியாது. கங்காணி வீட்டுப் பிள்ளை உட்கார்ந்து கங்காணியைத் திட்டும் பாட்டைக் கேட்டு எழுதியிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மீது மரியாதை கூடுகிறது. ஒரு காலத்தில் கங்காணியின் நோட்டில் தொழிலாளியின் பேர் கடன்காரனின் பேர். பேரனின் நோட்டிலோ அவன் பாட்டுக்காரன். 1983இல் அந்தத் தொகுப்பு ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாக வந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் அவர் காலமானார்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிக்கையாகப் பிரித்தது. 2003இல்தான் மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குச் சட்டம் கதவைத் திறந்தது. இந்த இடைவெளி முழுவதும் அரசாங்கத்தின் ஏடுகளில் நம்மவர்கள் வெறும் தொகை. அவர்களை ஆட்களாக எழுதி வைத்தது வேலுப்பிள்ளையின் நோட்டுப் புத்தகம். நாடாளுமன்றத்தில் அவர் இருந்த ஐந்து வருடத்தைவிட, அதை இழந்தபின் எழுதிய முப்பது வருடமே பெரிய அரசியல் என்பது என் முடிவு. தலவாக்கலை டவுனில் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரத்தில் நின்று பாருங்கள். வேலுப்பிள்ளை யார் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

ஆகஸ்ட் 20க்கு இந்த வாரமும் இடம் போதவில்லை. அடுத்த இதழில் நேராகச் சபைக்குள் போவோம். தமிழ்த் தலைவர்களில் பொன்னம்பலம் எங்கே நின்றார், செல்வநாயகம் எங்கே நின்றார், இடதுசாரிகள் என்ன பேசினார்கள், சட்டத்துக்குக் கை தூக்கியவர்கள் யார் என்று ஒருவரையும் விடாமல், பேர் பேராக எழுதுகிறேன்.

(தொடரும்)