எல்லை கடந்த குரல்



சென்ற மாதம் எம் அயலில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னைக் காண வந்தார். மெல்பேண் நகரிலுள்ள மகளுடன் சில மாதங்கள் தங்கிவரப் புறப்படுகின்றவர் அவர்; இருதய நோய்க்கு மருந்து உட்கொள்பவருமாவார். “அதிபர், அங்கே கொண்டுபோக எந்தக் கையடக்கத் தொலைபேசியை வாங்கலாம்?” என்று கேட்டார். கடைக்காரரிடம் கேட்கவேண்டியதைச் சரித்திரம் படித்தவனிடம் கேட்கின்றாரே என்று முதலிற் சிரித்தேன். பின்னர் சிந்தித்துப் பார்த்தபோது, அவருடைய கேள்விக்குரிய விடையிற் பெரும்பகுதி சரித்திரத்திலேயே கிடக்கின்றது என்பது புலனாயிற்று.

இற்றைக்கு நாற்பதாண்டுகளுக்கு முன் ஐரோப்பாவிலே மோட்டார் வண்டியில் தொலைபேசி பொருத்தியிருந்த செல்வர் ஒருவர், தம் நாட்டெல்லையைத் தாண்டியதும் அக்கருவி வெறும் பாரமாய்ப் போகக் கண்டார். பிரித்தானியா ஒரு முறையைக் கையாண்டது, மேற்கு ஜேர்மனி இன்னொன்றை, பிரான்ஸ் பிறிதொன்றை. ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்கு விளங்காது. சுவீடன், நோர்வே, டென்மார்க், பின்லாந்து ஆகிய வடநாடுகள் மாத்திரம் 1981 ஆம் ஆண்டளவில் ஒரு பொது முறையை ஏற்படுத்தி, ஒரு நாட்டுக் கருவி அயல்நாட்டிலும் பேசுமாறு செய்திருந்தன.

இந்த முன்மாதிரியை ஐரோப்பா முழுவதற்கும் விரிக்கும் பணி 1982 இல் தொடங்கியது. ஐரோப்பிய அஞ்சல், தொலைத்தொடர்பு நிருவாகங்களின் மாநாடு அதற்கென ஒரு குழுவை நியமித்தது. பிரெஞ்சு மொழியில் அக்குழுவுக்கு இடப்பட்ட பெயரின் முதலெழுத்துக்களே ஜிஎஸ்எம் என்பன. 1986 இல் பரிஸ் நகரிலே எட்டு வகை முறைகள் பரீட்சித்துப் பார்க்கப்பட்டன. அடுத்த ஆண்டு பிணக்கு முற்றியது. பிரான்சும் ஜேர்மனியும் அகன்ற அலைவரிசையை வேண்டின. ஏனையோர் குறுகிய அலைவரிசையே தக்கதென்றனர். தத்தம் நாட்டுத் தொழிற்சாலைகளின் நலனும் அவ்வாதத்தின் பின்னால் நின்றதென்பதை ஊகிப்பது கடினமன்று. ஈற்றில் 1987 மே மாதத்தில் பொன் நகரிலே பிரான்ஸ், ஜேர்மனி, இத்தாலி, பிரித்தானியா ஆகிய நான்கு நாடுகளின் அமைச்சர்களும் குறுகிய அலைவரிசைக்கு இணங்கினர். அவ்வாண்டு செப்டெம்பர் 7 ஆந் திகதி கொப்பன்ஹேகனில் 13 நாடுகள் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. இருபதாம் நூற்றாண்டிலே இரு பெரும் போர்களாற் சிதைந்த ஒரு கண்டம், ஒரு சிறு கருவியின் பொருட்டு இவ்வளவு விரைவில் ஒருமனப்பட்டமை எனக்கு இன்றும் வியப்பளிக்கின்றது.

1991 ஜூலை 1 ஆந் திகதி பின்லாந்தின் முன்னாட் பிரதமர் ஹரி ஹொல்கெரி, ஹெல்சிங்கியிலிருந்து தம்பெரே நகரத் துணை மேயர் கரீனா சுவோனியோவுடன் பேசினார். ஜிஎஸ்எம் சேவையின் முதல் அழைப்பென அது பதிவாகியுள்ளது. ஆயினும் விற்பதற்குப் போதிய கருவிகள் அப்போது இருக்கவில்லை. அம்மூன்றெழுத்துக்களுக்கும் “கடவுளே, தொலைபேசிகளை அனுப்பும்” எனப் பொருள்கூறி அத்துறையினர் தம்மையே நகையாடிக்கொண்டனராம். 1992 இல் பின்லாந்து நிறுவனம் ஒன்றும் பிரித்தானிய நிறுவனம் ஒன்றும், ஒருவருடைய வாடிக்கையாளருக்கு மற்றவர் சேவை வழங்கும் முதலாவது ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. ரோமிங் என நாம் இன்று சொல்வது அதுவே.

அது எவ்வாறு இயங்குகின்றது என்பதை விளக்க எனக்குக் கொழும்புச் செட்டியார் தெருவே உதவுகின்றது. அக்காலத்திற் செட்டிமாரின் கடையொன்றில் எழுதிய உண்டியலைக் கொண்டுசென்றவர், இரங்கூனிலோ சென்னையிலோ உள்ள மற்றொரு செட்டியாரிடம் பணம் பெறலாம். கொடுப்பவர் வந்தவரின் முகத்தை அறியார். எழுதியவரின் கையொப்பத்தை அறிவார். சிம் அட்டையும் அத்தகையதோர் உண்டியலே. அந்நிய நாட்டிலே தொலைபேசியை இயக்கியதும், அவ்வூர் வலையமைப்பு அட்டையின் இலக்கத்தைப் படித்து, எம் நாட்டு நிறுவனத்திடம் “இவர் உம்முடையவரா?” என வினவுகின்றது. அட்டைக்குள் மறைந்துள்ள இரகசிய எண் வெளியே வாராமலே சோதனை நடைபெறும். எம்மவர் “ஆம்” என விடையளித்தாற் கதவு திறக்கும். கட்டணம் பின்னர் அவ்விரு நிறுவனங்களுக்குமிடையே தீர்க்கப்படும். எம்மிடம் அறவிடப்படும் தொகையைக் கண்டு மயங்குவது எம் பங்கு. ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்கிடையே அந்த மேலதிகக் கட்டணத்தை 2017 ஜூன் 15 முதல் ஒழித்தது. எமக்கோ அத்தகைய சலுகை வாய்க்கவில்லை. ஆதலாற் சென்றடைந்த ஊரிலேயே ஓர் அட்டை வாங்குவதே பெரும்பாலும் சிக்கனமானது.

ஆனால் உண்டியல் செல்லுபடியாவதற்கு இருவருக்கும் ஒரே மொழி தெரிந்திருத்தல் வேண்டும். ஐரோப்பாவும் ஆசியாவின் பெரும்பகுதியும் 900, 1800 மெகாஹேர்ட்ஸ் மீடிறன்களில் ஜிஎஸ்எம்மை நடத்தின. அமெரிக்காவிலே 850, 1900 என்பன வழங்கின. எனவே இலண்டனில் வாங்கிய கருவி நியூயோர்க்கில் ஊமையாயிற்று. 1999 அளவில் மோட்டொரோலா நிறுவனம் மூன்று மீடிறன்களைக் கேட்கவல்ல கருவியை வெளியிட்டபோது, பயணிகள் அதனைக் கொண்டாடியதற்குக் காரணம் இதுவே. யப்பானின் கதை இன்னும் தனியானது. 1993 முதல் தனக்கேயுரிய முறையொன்றை அது வளர்த்தது. அம்முறை தன்னளவிற் சிறந்தது. ஆயினும் வெளியிலிருந்து வந்தவரின் ஜிஎஸ்எம் கருவி அங்கே பேசவில்லை. வந்தவர் வாடகைக்குக் கருவி எடுக்க நேர்ந்தது. 2001 ஒக்டோபரில் மூன்றாந் தலைமுறைச் சேவை தொடங்கிய பின்னரே அந்தத் தனிமை குறையலாயிற்று.

வேறொரு பூட்டும் உண்டு. அதனை நான் பட்டறிந்தேன். பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து அன்போடு கொணர்ந்து தந்த விலையுயர்ந்த கருவி, எம்மூர் அட்டையை ஏற்க மறுத்துவிட்டது. தவணை முறையில் மலிவாக விற்கும் நிறுவனங்கள் தம் அட்டையன்றிப் பிறிதை ஏற்காதவாறு கருவியைப் பூட்டி வைப்பது வழக்கம். கனடா 2017 டிசம்பர் 1 முதலும், பிரித்தானியா 2021 டிசம்பர் முதலும் பூட்டிய கருவிகளை விற்பதைத் தடைசெய்தன. அதற்கு முன் வாங்கிய பழைய கருவிகள் இன்றும் எம்மவர் இல்லங்களுக்கு அன்பளிப்பாய் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இனி, என் அயலவரின் கேள்விக்கு வருவோம். அவுஸ்திரேலியாவிலே 2024 இல் மூன்றாந் தலைமுறை வலையமைப்புக்கள் மூடப்பட்டன. நாலாந் தலைமுறைக் கருவி வைத்திருந்தோர் தமக்கொன்றும் நேராதென எண்ணினர். உண்மை வேறாயிருந்தது. அக்கருவிகளிற் சில இணையத்துக்கு மாத்திரம் நாலாந் தலைமுறையைப் பயன்படுத்தி, குரலுக்குப் பழையதையே நாடின. வேறு சில, சாதாரண அழைப்புக்களைப் புதிய வழியாலும், 000 என்னும் அவசர அழைப்பை மாத்திரம் பழைய வழியாலும் அனுப்புவனவாய் இருந்தன. திரையிலே படமும் செய்தியும் வரும். நெஞ்சு வலிக்கும்போது அம்புலன்ஸ் வண்டியை அழைக்க இயலாது. ஆதலால் அத்தகைய கருவிகளைத் தம் வலையமைப்பிலிருந்து நீக்கும் கடமை அங்குள்ள நிறுவனங்கள்மீது சுமத்தப்பட்டது. எம் கடைகளிலே மலிவாய்க் கிடைக்கும் பழைய கருவியொன்றை அவர் வாங்கியிருந்தால், எந்நாளில் அதன் குறை வெளிப்பட்டிருக்கும் என்பதை எண்ணவே அச்சமாயிருந்தது.

நாம் இருவரும் கடைக்குச் சென்றோம். படக்கருவி எத்தனை என்று கடைக்காரர் எடுத்துரைக்க, நான் கண்ணாடியை அணிந்துகொண்டு பெட்டியின் பின்புறத்துச் சிற்றெழுத்துக்களைப் படித்தேன். நாலாந் தலைமுறைக்கு 700, 1800 மெகாஹேர்ட்ஸ் மீடிறன்கள் இரண்டும் உளவா, குரலழைப்பை நாலாந் தலைமுறையிலேயே எடுக்கும் வோல்ட்டி வசதி உண்டா, எந்நிறுவனத்து அட்டையையும் ஏற்குமா என்பவற்றைப் பார்த்தோம். பெட்டியில் எழுதியிருப்பது மாத்திரம் போதாது. அவசர அழைப்பும் அவ்வழியே செல்லுமா என அந்த மாதிரியின் பெயரைச் சொல்லி அங்குள்ள நிறுவனத்திடம் விசாரிக்கும்படி மகளுக்கு எழுதினோம். விடை மூன்றாம் நாள் வந்தது. முதலிற் பார்த்த கருவி தேறவில்லை. அதனிலும் சற்று விலை கூடிய மற்றொன்றை வாங்கிக்கொண்டு அவர் கட்டுநாயக்காவுக்குப் புறப்பட்டார்.